வேடு கட்டிய பானை: பாம்புக்கும் முதலைக்கும் மூடி போட்ட கதை

திருப்பூர் மாவட்டம் என்றதும் பனியன் கம்பெனிகள்தான் ஞாபகத்துக்கு வரும். அதே மாவட்டத்தின் தென்கோடியில், உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணைக்குப் பக்கத்தில் ஒரு முதலைப் பண்ணை இருக்கிறது. 1975-ல் தொடங்கப்பட்டது. (அப்போது அது கோவை மாவட்டம். திருப்பூர் தனி மாவட்டம் ஆனது 2009-ல்தான்.)

அந்தக் காலத்தில் தோலுக்காக வேட்டையாடியே இந்திய முதலைகளைத் தீர்த்துக்கட்டும் நிலை வந்திருந்தது. அதனால் ஆற்றங்கரைகளில் முட்டைகளைச் சேகரித்து, பண்ணையில் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து மீண்டும் நீர்நிலைகளில் விடும் திட்டம் 1975-ல் நாடு முழுவதும் ஆரம்பமானது. ஐ.நா. அமைப்புகளும் இதற்கு உதவின.

பார்க்க வருகிறவர்கள் பெரிய முதலைகளைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். ஆனால் இப்படிப்பட்ட பண்ணையின் வெற்றி தோல்வி எல்லாம் குஞ்சுத் தொட்டியில்தான் இருக்கிறது. முட்டையிலிருந்து வரும் சதுப்புநில முதலைக் குஞ்சு சுமார் ஒரு அடி நீளம்தான். கொக்கு, பருந்து, கீரி, உடும்பு எல்லாவற்றுக்கும் அது இரை. இயற்கையில் மிகச் சிலவே பெரிதாகும். ஆகவே குஞ்சுத் தொட்டிக்கு மேல் வலை போடுவது இந்தப் பண்ணைகளில் வழக்கம்.

மூடி என்றால் உள்ளே இருப்பது வெளியே வராமல் தடுப்பது என்றுதான் நினைக்கிறோம். இங்கே நேர்மாறு! வெளியே இருப்பது உள்ளே வராமல் தடுக்க மூடி. பலகை போட்டு அடைத்துவிடவும் முடியாது. முதலை, பல்லி, ஆமை எல்லாம் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத பிராணிகள். வெயில் வேண்டும். கண்ணாடி போடலாமே என்றால், சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தை விடுமே தவிர, வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். அந்தச் சத்து குறைந்தால் எலும்பு வளைந்துபோகும். எனவே காற்றும் வெயிலும் போகிற வலைதான் வழி.

லண்டனில் ஒரு பாடம்

உலகின் முதல் ஊர்வனக் காட்சி வீடு 1849-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் திறக்கப்பட்டது. கண்ணாடிப் பெட்டிகளில் பாம்புகளைப் பார்க்கக் கூட்டம் வந்தது. மூன்றே வருடத்தில், 1852 அக்டோபரில், எட்வர்ட் கர்லிங் என்ற காவலாளி இரவெல்லாம் குடித்துவிட்டு வந்து, தானே பெட்டியைத் திறந்து நல்ல பாம்பைக் கையில் எடுத்தார். அது மூக்கில் கடித்தது. அன்றே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பாம்புக்கடிக்கு மருந்து கண்டுபிடிக்க இன்னும் நாற்பது வருடங்களுக்கு மேல் இருந்தது.

பெட்டியில் குறை இல்லை. திறந்த கையில்தான் குறை. மூடியை எவ்வளவு நன்றாகச் செய்தாலும், அதை யார், எப்படித் திறக்கிறார் என்பதும் மூடியின் ஒரு பாகம்தான்.

இருளர்களின் பானை

இதை நன்றாக அறிந்தவர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகளில் வாழும் இருளர்கள். தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடிப்பவர்கள். ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரம்தான் அவர்களில் பலருக்குச் சோறு போட்டது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. பாம்புகளுக்கு நல்லதுதான். ஆனால் பாம்பு பிடிக்க மட்டுமே தெரிந்த குடும்பங்கள் என்ன செய்யும்?

பதில் 1978-ல் கிடைத்தது. சென்னை பாம்புப் பண்ணையையும் முதலைப் பண்ணையையும் உருவாக்கிய ராமுலஸ் விட்டேக்கரின் துணையோடு, இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்திலேயே அது இயங்குகிறது. பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து விற்பதுதான் தொழில். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கும்தான் முக்கியம். இந்தியாவில் விஷமுறிவு மருந்து இந்த நான்கு விஷங்களை வைத்துத்தான் தயாராகிறது. அதற்கான விஷத்தில் பெரும்பகுதி பல காலமாக இங்கிருந்துதான் போயிருக்கிறது.

பிடித்த பாம்பை எதில் வைப்பார்கள் தெரியுமா? மண்பானையில்! அடியில் மணல். வாயில் பருத்தித் துணி. ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுவோமே, அதே போல இழுத்து வேடு கட்டிவிடுவார்கள். அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால் எல்லாக் கணக்கும் சரியாக இருக்கிறது. மண்பானைச் சுவர் வெப்பத்தைத் தணிக்கும். துணி வழியே காற்று போகும். உள்ளே இருட்டு, பாம்புக்கு அதுதான் பிடிக்கும். துணியில் ஒட்டவோ உரசிப் புண்ணாக்கவோ கம்பி முனை இல்லை. பனியன் துணியாக இருந்தால் உதவாது. பின்னல் துணியை இழுத்தால் கண் விரிந்துகொடுக்கும். நெய்த துணிதான் நிற்கும்.

பாம்பு அங்கே மூன்று நான்கு வாரம்தான் இருக்கும். வாரம் ஒரு முறை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஒரு சின்ன அடையாளம் செய்து காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு சீக்கிரமே மறுபடி சிக்கினால் அடையாளம் பார்த்து விட்டுவிடலாம். ஆக, இந்த வேடு நிரந்தரச் சிறை இல்லை, அவிழ்ப்பதற்காகவே கட்டுவது.

இதில் இருப்பது சின்ன விஷயம் அல்ல. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2020-ல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரி 58,000 பேர். அந்த எண்ணிக்கை இன்னும் கூடாமல் இருப்பதற்கு இந்தப் பானைகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

மூடி தவறினால்...

அமெரிக்காவில் பர்மா மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பது ஒரு காலத்தில் பெரிய மோகமாக இருந்தது. கையளவு குட்டியாக வாங்குவார்கள். அது பதினைந்து அடி வளர்ந்துவிடும். சில தப்பின. சிலவற்றை வளர்க்க முடியாமல் உரிமையாளர்களே விட்டார்கள். 1992-ல் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவில் ஒரு பாம்பு வளர்ப்பு நிலையத்தையே உடைத்துப் போட்டது. 2000-க்குள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் அவை இனப்பெருக்கம் செய்வது உறுதியானது. 2012-ல் வெளியான ஆய்வில், அங்கே ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டதாகத் தெரிந்தது.

2017-ல் ஃபுளோரிடா அதிகாரிகள் யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? நம் இருளர்களை! மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே போய், முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடிக்க உதவினார்கள். அதில் ஒன்று சுமார் 16 அடிப் பெண் பாம்பு. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நல்ல மூடி எப்படி இருக்க வேண்டும்?

பெரிய தொட்டிக்கு மூடி செய்கிறவர்களுக்கு இந்த வரலாறு சொல்லும் விதிகள் சில. பாம்பின் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். எனவே வலைக்கண் தலையைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். மலைப்பாம்பு ராத்திரி முழுக்க மூலைகளை முட்டிக்கொண்டே இருக்கும். சும்மா எடுத்து வைத்த மூடி நிற்காது, கொக்கி வேண்டும். வலை சொரசொரப்பாக இருந்தால் முட்டி முட்டி மூக்கு புண்ணாகும். ஆறடித் தொட்டிக்கு ஒரே சட்டம் போட்டால் நடுவில் தொய்யும். குறுக்குச் சட்டம் கொடுத்து இரண்டாகப் பிரிப்பது நல்லது. வெப்ப பல்பு இருந்தால் பிளாஸ்டிக் வலை உருகும், உலோக வலைதான் சரி.

இந்தியாவில் நம் காட்டுப் பாம்பையோ முதலையையோ வீட்டில் வைப்பது சட்டப்படி குற்றம். அதனால் இந்த விதிகள் இங்கே பண்ணைகளுக்கும் காட்சிசாலைகளுக்கும்தான் அதிகம் பொருந்தும். லண்டனில் கண்ணாடிப் பெட்டி இருந்தது, ஆள் இறந்தார். வடநெம்மேலியில் ஒரு முழம் துணியும் கயிறும்தான். அதைக் கட்டுகிற கைக்குப் பாம்பைத் தெரியும்.