கடைவாய்ப் பல் ஒண்ணு போனா என்ன ஆகும்? மிச்சப் பல், தாடை மூட்டு... எது உண்மை, எது பயம்? முழு விளக்கம்

"வலிக்குது, பிடுங்கிப் போட்டுடுங்க." பல் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள் பாலாற்றங்கரையில் இருக்கும் செவிலிமேடு போன்ற நெசவுப் பகுதிகளில் இதற்குக் காரணம் புரியக்கூடியதுதான். தறியில் உட்கார்ந்தால்தான் கூலி. வேர் சிகிச்சை என்றால் இரண்டு, மூன்று தடவை போய் வரணும், செலவும் அதிகம். பிடுங்கினால் ஒரே நாளில் வலி போயிடும். அதுவும் கடைவாய்ப் பல், வெளியே தெரியவா போகுது?

ஆனால் பல் போன சில வருஷம் கழித்து வேறு கேள்விகள் வரும். பக்கத்துப் பல் ஏன் சாயுது? சாப்பிடும்போது காதுக்கு முன்னாடி ஏன் 'டக்'னு சத்தம் வருது? உடனே இம்ப்ளான்ட் வைக்கலைன்னா தாடையே கோணிடும்னு சொல்றாங்களே, அது உண்மையா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கடைவாய்ப் பல் எத்தனை, எப்போ முளைக்கும்?

பெரியவர்களுக்கு மொத்தம் 32 பற்கள். அதில் 8 முன்கடைவாய்ப் பற்கள், 12 கடைவாய்ப் பற்கள். கடைசியாக முளைக்கும் 4 ஞானப் பற்களும் இந்த 12-ல் அடக்கம். முன்பற்கள் கடிக்க, கோரைப்பற்கள் கிழிக்க, கடைவாய்ப் பற்கள் அரைக்க.

முதல் கடைவாய்ப் பல் 6 வயது வாக்கில் முளைக்கிறது. இரண்டாவது 12 வயது வாக்கில். ஞானப் பல் 17 முதல் 25 வயதுக்குள் வரும், சிலருக்கு வராமலேயே போகும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. 6 வயதில் வரும் முதல் கடைவாய்ப் பல், எந்தப் பால் பல்லும் விழாமலேயே, பால் பற்களுக்குப் பின்னால் புதுசாக முளைக்கும். அதனால் பல பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைத்து, "விழுந்து முளைக்கும், விடு" என்று சொத்தையைக் கவனிக்காமல் விடுகிறார்கள். அது விழுந்தால் திரும்ப முளைக்காது. அரைக்கும் வேலையில் பெரும்பங்கு இந்தப் பல்லுடையது. ஆனால் பலரும் முதலில் இழப்பதும் இதைத்தான்.

ஒரு பல் போனால் பக்கத்துப் பல்லுக்கு என்ன ஆகும்?

பல் எலும்பில் சிமென்ட் போட்டு ஒட்டினது மாதிரி அசையாமல் நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு இருக்கிறது. முன்னால் ஒரு பல், பின்னால் ஒரு பல், எதிரே ஒரு பல், ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் கன்னம் என எல்லாம் சேர்ந்துதான் அதை அதன் இடத்தில் வைத்திருக்கின்றன. தறியில் பாவு இழை அறுந்தால் நெய்பவர் அப்படியே விட்டுவிட்டு மேலே நெய்ய மாட்டார், எடுத்துப் பிணைத்துவிட்டுத்தான் அடுத்த ஊடை போடுவார். வாயிலும் ஒரு இடம் காலியானால் சுற்றி இருப்பவை பாதிக்கப்படும்.

1. பின்னால் இருக்கும் பல் சாயும்: முதல் கடைவாய்ப் பல் போனால், அதற்குப் பின்னால் உள்ள இரண்டாவது கடைவாய்ப் பல் மெல்ல முன்பக்கம் சாயும். இளம் வயதில் இது வேகமாக நடக்கும்.

2. எதிர்ப் பல் நீளும்: கீழ்ப் பல் போனால், அதற்கு நேர் மேலே உள்ள பல்லுக்குத் தடுப்பு இல்லை. அது மெல்லக் கீழே இறங்கும். கீழ்ப்பக்கம் நல்ல பல்லாகவே இருந்தாலும், மேல்பக்கம் இறங்கிய பல்லால் பிறகு செயற்கைப் பல் வைக்க இடம் போதாமல் போகலாம்.

3. உணவு சிக்கும்: சாய்ந்த பல்லுக்கு அடியில் பிரஷ் போகாத ஒரு பொந்து உருவாகும். நார், கீரை, கறி எல்லாம் அங்கேயே தங்கும். அதனால் புதுச் சொத்தை, ஈறு வீக்கம், ஈறில் ரத்தம். ஒரு பல்லால் தொடங்கியது இரண்டாவது பல்லையும் கேட்கும்.

4. எலும்பு கரையும்: பல்லைத் தாங்குவதுதான் அந்த எலும்பு மேட்டின் வேலை. பல் இல்லாவிட்டால் அது கரையத் தொடங்கும். பிடுங்கிய முதல் ஒரு வருஷத்திலேயே அகலத்தில் ஏறக்குறைய பாதி வரை குறையலாம். "அஞ்சு வருஷம் கழிச்சு வைக்கலாம்" என்று போகிறவர்களுக்கு இம்ப்ளான்ட் வைக்க எலும்பு போதவில்லை என்று சொல்லப்படுவது இதனால்தான்.

5. மிச்சப் பற்களுக்குச் சுமை கூடும்: வலது பக்கம் பல் இல்லாதவர் இடது பக்கமே மெல்லுவார். இரண்டு பக்கமும் இல்லாதவர் முன்பல்லால் மெல்லப் பார்ப்பார். முன்பல் அரைக்கப் பிறந்த பல் இல்லை, தேயும், ஆடும். நூலை, இழையைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கமும் இருந்தால் முன்பல் நுனியில் பள்ளம் விழும். தையல் வேலை செய்பவர்களிடம் பல் மருத்துவர்கள் நீண்ட காலமாகப் பார்த்துவரும் விஷயம் இது.

அப்போ எல்லாருக்கும் பல் சாய்ஞ்சே தீருமா?

இல்லை. இங்கேதான் நிறைய பேர் பயந்து போகிறார்கள். பெரியவர்களில் ஒரு பல் போன இடத்தைப் பல வருஷம் கண்காணித்த ஆய்வுகளில், பெரும்பாலானவர்களுக்குப் பக்கத்துப் பல் நகர்ந்த தூரம் மிகக் குறைவு. எதிர்ப் பல் நீள்வது பரவலாக நடக்கிறது, ஆனால் பலருக்கு அது 2 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. வயது, ஈறின் நிலை, பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதம் ஆகியவற்றைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். ஈறு நோய் இருப்பவர்களுக்குத்தான் நகர்வு அதிகம்.

அதனால் சரியான வழி இதுதான்: பல் போன பிறகு ஆறு மாதம், ஒரு வருஷம் என்று பரிசோதித்துப் பார்க்கணும். நகர்வு இருந்தால் சிகிச்சை, இல்லாவிட்டால் கண்காணிப்பு.

தாடை மூட்டு எங்கே இருக்கு?

காதுத் துளைக்கு நேர் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. கதவுக் கீல் மாதிரி சுழலவும் செய்யும், முன்னால் வழுக்கிப் போகவும் செய்யும். இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை போல ஒரு தட்டு இருக்கிறது. அந்தத் தட்டு இடம் விலகித் திரும்ப வரும்போதுதான் 'டக்' சத்தம் கேட்கிறது.

வலி இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை.

கடைவாய்ப் பல் போனால் தாடை மூட்டு கெடுமா?

இந்தப் பயத்துக்கு 90 வருஷ வரலாறு இருக்கு. 1934-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், காது வலி, காது அடைப்பு, தலைவலியோடு வந்த சில நோயாளிகளைப் பற்றி எழுதினார். கடைவாய்ப் பற்கள் இல்லாததால் தாடை அதிகமாக மூடி, மூட்டு பின்னால் அழுந்துகிறது என்பது அவர் சொன்ன காரணம். 'காஸ்டன் நோய்க்குறி' என்றே அதற்குப் பெயர் வந்தது. ஆனால் அவர் சொன்ன உடற்கூறு விளக்கம் சரியில்லை என்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள்.

1981-ல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பல் மருத்துவப் பேராசிரியர் ஆர்ன்ட் கைசர் வேறு கோணத்தில் பார்த்தார். கடைவாய்ப் பற்கள் இல்லாவிட்டாலும், முன்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் மேலும் கீழும் சரியாகப் பொருந்தினால் பலரால் போதுமான அளவு மெல்ல முடிகிறது என்றார். 'குறுகிய பல்வரிசை' என்பது அந்தக் கருத்து. அதன் பிறகு நெதர்லாந்திலும் டான்சானியாவிலும் நடந்த ஆய்வுகளில், இப்படிப்பட்டவர்களுக்குத் தாடை மூட்டுப் பிரச்சனை கணிசமாகக் கூடவில்லை என்று தெரியவந்தது.

அப்போ தொடர்பே இல்லையா? அப்படியும் முடிக்க முடியாது. கீழ்க் கடைவாய்ப் பற்கள் இல்லாதவர்களிடம் மூட்டுத் தட்டு விலகல் கூடுதலாகக் காணப்பட்டதாகச் சொல்லும் ஆய்வும் உண்டு. ஒரு பக்கம் மட்டுமே பல் இல்லாமல், எப்போதும் மறுபக்கமே மெல்லுபவர்களும், ஏற்கெனவே மூட்டு வலி இருப்பவர்களும் கவனமாக இருக்கணும். கடிக்கும் இடம் முன்னால் வர வர மூட்டின் மேல் விழும் அழுத்தம் கூடும் என்பது எளிய நெம்புகோல் கணக்கு.

சுருக்கமாகச் சொன்னால், பல் இழப்பு ஒரு காரணமாக இருக்கலாம், ஒரே காரணம் இல்லை. தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பது, வேலையில் கவனமாக இருக்கும்போது தன்னையறியாமல் பல்லைக் கடித்துக்கொள்வது, மன அழுத்தம், அடிபட்ட காயம், மூட்டுவாதம் என்று வேறு காரணங்கள் நிறைய. இந்தப் பிரச்சனை பெண்களிடம், அதுவும் 20 முதல் 40 வயதுக்குள் அதிகம்.

வாய் திறக்க முடியலையா? பாக்கு போடும் பழக்கம் இருந்தால் உஷார்!

இதுதான் இந்தக் கட்டுரையில் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி. வாய் நல்லாத் திறக்கலைன்னா "பல் போனதுதான் காரணம், தாடை பிடிச்சுக்கிச்சு" என்று விட்டுவிடக் கூடாது.

உங்கள் கையின் நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வைத்து முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு நுழையும். இரண்டு விரல்தான் போகிறது, காரம் பட்டால் வாய் எரிகிறது, கன்னத்தின் உட்பக்கம் வெளுத்துத் தடித்திருக்கிறது என்றால், அது பாக்கு மெல்லுவதால் வரும் வாய் நார்த்திசு இறுக்கமாக இருக்கலாம். இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கு மென்றாலும் வரும். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்து இருபது வருஷமாகிறது.

அதேபோல, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல் இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. காஞ்சிபுரம் பக்கம் இருப்பவர்களுக்குக் காரப்பேட்டையிலேயே அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

இன்னொன்று: நடக்கும்போது, மாடி ஏறும்போது கீழ்த்தாடையில் வலி வந்து, உட்கார்ந்தால் குறைந்தால் அது பல்லோ மூட்டோ இல்லாமல் இதய வலியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போகணும்.

பல் போன இடத்தில் என்ன வைக்கலாம்?

கழற்றி மாட்டும் பல் செட்: செலவு குறைவு. புண் ஆறிய சில வாரங்களில் வைக்கலாம். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்கணும், சுடுதண்ணீரில் போட்டால் வளைந்துவிடும். தினமும் தேய்க்காவிட்டால் கம்பி படும் பல்லில் சொத்தை வரும்.

பிரிட்ஜ்: காலி இடத்தின் இரண்டு பக்கமும் பல் இருந்தால்தான் வழக்கமாகச் செய்ய முடியும். அந்த இரண்டு பற்களையும் தேய்த்துக் கேப் போடணும். நல்ல பல்லைத் தேய்க்கிறோம் என்பது இதில் உள்ள நஷ்டம். கடைசிப் பற்கள் எல்லாமே போயிருந்தால் இது ஒத்துவராது.

இம்ப்ளான்ட்: எலும்பில் டைட்டானியம் திருகு பதித்து மேலே பல் வைப்பது. பக்கத்துப் பல்லைத் தொட வேண்டாம். எலும்போடு சேர வழக்கமாக 3 முதல் 6 மாதம் ஆகும். செலவு அதிகம். கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய், புகைப்பழக்கம் இருந்தால் தோல்வி வாய்ப்பு கூடும்.

எதுவும் வைக்காமல் இருப்பது: இதுவும் ஒரு தேர்வுதான். கடைசிப் பல் மட்டும் போயிருக்கிறது, மெல்லுவதில் சிரமம் இல்லை, பற்கள் நகரவில்லை என்றால் கண்காணித்தால் போதும். ஞானப் பல் எடுத்த இடத்தில் பொதுவாக எதுவும் வைப்பதில்லை.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

"இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா?" என்பது முதல் கேள்வி. பிடுங்குவது மலிவு போலத் தெரியும். பிறகு அந்த இடத்தை நிரப்பும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வேர் சிகிச்சையே குறைவாக இருக்கலாம்.

"எதிர்ப் பல், பக்கத்துப் பல் நகர்ந்திருக்கா? எக்ஸ்ரேயில் காட்ட முடியுமா?" என்பது இரண்டாவது.

"இப்போ எதுவும் வைக்கலைன்னா என்ன ஆகும்?" என்பது மூன்றாவது.

தனியாரில் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவில் முதலில் காட்டலாம். மேல்சிகிச்சைக்குச் சென்னையில் தமிழ்நாடு அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

தாடை வலி இருப்பவர்கள் வீட்டில் என்ன செய்யலாம்?

சில நாள் முறுக்கு, கரும்பு, சூயிங்கம் வேண்டாம். இட்லி, குழைந்த சாதம் போதும். கன்னத்தில் இதமான வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். கொட்டாவி வரும்போது கையால் தாடையைத் தாங்கிக்கொள்ளுங்கள். வேலை நடுவே அடிக்கடி கவனியுங்கள்: உதடு மூடியிருக்கணும், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டக் கூடாது. பெரும்பாலான தாடை மூட்டு வலி இப்படிப்பட்ட எளிய வழிகளிலேயே குறையும். எடுத்தவுடனே பல்லைத் தேய்த்துச் சரி செய்வது போன்ற, திரும்ப மாற்ற முடியாத சிகிச்சைக்குப் போக வேண்டியதில்லை.

ஜப்பானில் 1989 முதல் '8020' என்ற இயக்கம் நடக்கிறது. 80 வயதிலும் சொந்தப் பற்கள் 20 இருக்கணும் என்பது இலக்கு. 32-ம் இருந்தே ஆகணும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இருக்கும் பல்லைக் காப்பாற்றும் வாய்ப்பு இருக்கும்போது, ஒரு நாள் வலிக்குப் பயந்து அதைப் பிடுங்கிவிட்டால் அந்தக் கணக்கில் ஒன்று குறைந்தது குறைந்ததுதான்.