பம்ப் ஹவுஸில் ஏறிய கடல்



2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் முதல் அலகு பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டாவது அலகு ஓடிக்கொண்டிருந்தது. குளிர்விக்கும் நீர், கடலுக்கு அடியில் உள்ள சுரங்கம் வழியாக வரும். அந்த வழியாகவே சுனாமி நீர் பம்ப் ஹவுஸில் ஏறியது. பம்புகள் நின்றன. கட்டுப்பாட்டு அறையில் அது உடனே தெரிந்ததால், பணியில் இருந்தவர்கள் உலையை நிறுத்தினார்கள். கதிர்வீச்சுக் கசிவு இல்லை. சுமார் ஒரு வாரத்தில் நிலையம் மீண்டும் இயங்கியது.

ஆனால் அருகிலிருந்த நகரியத்திலும் மீனவர் குப்பங்களிலும் உயிர்கள் போயின. சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29க்கு. அலை இங்கு வர இரண்டரை மணி நேரம் ஆனது. ஆலைக்குள் கோளாறைக் காட்டக் கருவிகள் இருந்தன. கடலைக் கவனித்து ஊருக்குச் சொல்ல ஏற்பாடு இல்லை. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கிப் பாறைகள் தெரிந்தன. அதுவே அபாய அறிகுறி என்பது பலருக்குத் தெரியவில்லை.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே மீண்டும் பெரிய நிலநடுக்கம் வந்தபோது, எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது. மக்கள் கரையை விட்டு விலகினார்கள். நல்லவேளை, பெரிய அலை வரவில்லை.

ஆலைகளில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, மீட்டரில் முள் நகர்ந்தால் பதிவேட்டில் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். வாசலுக்கு வெளியே யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் இன்றே கேட்டு வையுங்கள்.