சுமத்திராக் காற்றும் பால்வெட்டும்



நம் நாட்டில் பருவங்களே இல்லை என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். போலந்து போன்ற கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் இளவேனில், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் என்று நான்கு உண்டு. இங்கே ஆண்டு முழுவதும் ஒரே வெயில், ஒரே மழை என்று அவர்கள் பாடம் படிக்கிறார்கள். வெப்பத்தை மட்டும் கணக்கிட்டால் அது சரிதான். போர்ட்டிக்சன் வட்டாரத்தில் மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் உள்ள வேறுபாடு இரண்டு பாகை அளவே. ஆயினும், சி ரூசாப் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டிய ஒரு தாயாரைக் கேட்டுப் பாருங்கள். எந்த மாதத்தில் மங்கு நிறையும், எந்த மாதத்தில் வெறும் வாளியோடு திரும்ப வேண்டும் என்பதை விரல் மடக்கிச் சொல்வார். அவருக்குப் பருவம் என்பது சம்பளக் கணக்கு.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மேற்குக் கரையில் மழை குறைகிறது. வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையின் பெரும்பகுதியைத் தித்திவங்சா மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. மலைகளுக்கு நடுவே அமைந்த ஜெலுபுவில் எந்தப் பக்கக் காற்றும் ஈரத்தைச் சரிவிலேயே இறக்கிவிட்டுத்தான் வருகிறது. அதனால் நாட்டிலேயே மிகக் குறைவாக மழை பெறும் இடங்களில் அதுவும் ஒன்று. இந்த வறட்சியில்தான் கித்தா மரம் இலை உதிர்க்கிறது. போலந்தில் மரங்கள் குளிருக்கு அஞ்சி இலை உதிர்க்கின்றன. நம் தோட்டத்து மரமோ தண்ணீர்ச் சிக்கனத்துக்காக உதிர்க்கிறது. புதுத் தளிர் விடும்போது மரத்தின் சத்தெல்லாம் இலைக்குப் போவதால் பால் சுருங்கிவிடும். கைச்செலவும் அப்போது சுருங்கும்.

அடுத்து வருவது சுமத்திராக் காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, மலாக்கா நீரிணைக்கு அப்பால் இரவில் திரளும் இடிமேகங்கள் வரிசையாகக் கிழக்கு நோக்கி நகர்ந்து, விடியற்காலையில் நம் கரையை அடிக்கும். ஓரிரு மணி நேரம் பேய்க்காற்று, பெருமழை. பிறகு வானம் ஒன்றுமறியாததுபோல் வெளுத்துவிடும். ஆனால் அந்த ஓரிரு மணிதான் பால்வெட்டுக்கு உரிய நேரம். வெயில் ஏறுமுன் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஓடும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுவாயில் ஓடாமல் மரமெங்கும் வழிந்துபோகும். வெட்டி முடித்த பிறகு மழை வந்தாலோ மங்கிலிருந்த பாலும் மழைநீரோடு போய்விடும். பெரட்டுக்கு வந்து வானத்தைப் பார்த்துத் திரும்பி நடந்த காலைகள் எத்தனையோ! வேலை செய்த நாளுக்கே கூலி என்ற முறையில், தொழிலாளி செய்யாத குற்றத்துக்கு அவர் வீட்டு அடுப்பு அபராதம் கட்டியது. குறைந்தபட்ச மாதச் சம்பளச் சட்டம் தீபகற்பத்தில் 900 வெள்ளியாக நடப்புக்கு வந்தது 2013-இல்தான். மிகத் தாமதம் என்றே நான் சொல்வேன்.

இந்தக் கரையில் கித்தா எப்போது வந்தது? சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891-இல் ரயில் பாதை திறக்கப்பட்டபோது உள்நாட்டில் ஈயமும் காப்பியும்தான் பேச்சு. பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்ததும் துரைமார்கள் கித்தாவுக்குத் திரும்பினார்கள். மலாக்காவில் டான் சாய் யான் 1896-இல் வழிகாட்டியிருந்தார். அமேசான் காட்டு மரத்துக்கு இங்குள்ள வெப்பமும் மழையும் சொந்த ஊர்போலவே இருந்தன.

மண்ணுக்குத்தான் சோதனை. காட்டை அழித்தார்கள், ஒரு புல் முளைத்தாலும் கூடாதென்று நம் முன்னோரைக் கொண்டு தரையைச் சுரண்ட வைத்தார்கள். மழை மேல்மண்ணை ஆற்றுக்கு அடித்துச் சென்ற பின்னரே மூடுபயிர்க் கொடிகளை வளர்க்கக் கற்றார்கள். அந்தப் புல்லைச் சுரண்டியவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கும். அவர்களை யார் கேட்டார்கள்?

அழிந்த காட்டின் மாதிரி ஒன்று இன்னும் இருக்கிறது. சி ரூசாவுக்குத் தெற்கே சில மைல் தொலைவில் உள்ள தஞ்சோங் துவான் முனையே அது. சுற்றிலும் நெகிரி செம்பிலான் நிலம். முனை மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. அங்குள்ள கலங்கரை விளக்கின் இப்போதைய கோபுரம் 1863-இல் எழுந்தது. கித்தா தளிர்விடும் மார்ச் மாதத்தில், சுமத்திராவிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடலைத் தாண்டித் தேன்பருந்துகள் இம்முனைக்கு வந்து சேர்கின்றன. சைபீரியா, ஜப்பான் வரை செல்லும் பயணத்தில் இது ஒரு தங்கல். 2000-ஆம் ஆண்டு முதல் மலேசிய இயற்கைக் கழகம் இவற்றைக் காண மக்களை அழைத்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளைக் கூட்டிச் செல்பவர்கள் விடியலிலேயே ஓட வேண்டாம். தரை சூடேறி வெப்பக்காற்று மேலெழும்பினால்தான் பருந்துகளுக்கு உயர ஏற முடியும். ஆகவே காலை பத்து மணிக்கு மேல் போனால் போதும்.