மகாரதம் பெயரும் கணம்: தடையும் நெகிழ்ச்சியும்

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலை மாட வீதிகளில் ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. விநாயகர், முருகர் தேர்களுக்குப் பின் அண்ணாமலையாரின் பெரிய தேரான மகாரதம். அடுத்துப் பெண்கள் வடம் பிடிக்கும் அம்மன் தேர். கடைசியில் சிறுவர்கள் இழுக்கும் சண்டிகேசுவரர் தேர். பெரிய தேரின் உயரம் 59 அடி, எடை சுமார் 200 டன் என்பர். தேரோட்டம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இழுப்பவர்களின் கூட்டத்தையே பேசுகிறார்கள். ஆனால் தேர் நிலையை விட்டுப் பெயரும் முதல் கணத்தை ஆள்வது இழுவிசையின் அளவு மட்டுமன்று. விசைக்கும் சக்கரத்துக்கும் நடுவே கிடக்கும் நெகிழ்ச்சியும்தான் என்பது என் வாதம். அந்த நெகிழ்ச்சி தேரை இழுக்கும் வடத்திலும் உண்டு, நிறுத்தும் தடையிலும் உண்டு.

இதை மிகத் துல்லியமாக ஆராய்ந்து வைத்திருப்பது, சற்றும் தொடர்பில்லாததாகத் தோன்றும், நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் பாயும் டிராக் பந்தயத் துறை. நம் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்திலும் அப்பந்தயம் நடந்திருக்கிறது. ஆட்டோமேடிக் கியர் கொண்ட காரில் ஓட்டுநர் ஒரு காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டே மறுகாலால் எஞ்சினை முடுக்கி, விளக்கு மாறியதும் பிரேக்கை விடுகிறார். பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர் குழாய் அழுத்தத்தில் சிறிது உப்பும். மிதியின் அசைவில் ஒரு பகுதி அந்த உப்பலுக்கே போய்விடும். உள்ளே டெஃப்லானும் வெளியே எஃகுப் பின்னலும் கொண்ட குழாய் அவ்வளவு உப்பாது. இதனால் பிரேக்கின் பிடிமானம் கூடிவிடும் என்று நம்புவது தவறு. பிடிமானம் பேடையும் டிஸ்க்கையும் டயரையும் பொறுத்தது. கூடுவது ஒழுங்கு. காலை எடுத்தால் சக்கரம் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக விடுபடுகிறது. 402 மீட்டர் ஓட்டத்தில் நொடியின் நூறில் ஒரு பங்கும் வெற்றியை மாற்றும் என்பதால் அந்த ஒழுங்குக்கு மதிப்பு உண்டு.

தேருக்கு வருவோம். நின்ற தேரை அசைக்கத் தேவையான விசை, ஓடும் தேரை ஓடவைக்கத் தேவையானதைவிட அதிகம். நீண்ட நார் வடத்தை நூற்றுக்கணக்கானோர் இழுக்கும்போது வடம் நீண்டு ஆற்றலைத் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. தேர் பெயர்ந்ததும் எதிர்ப்பு சட்டென்று குறைய, சேர்ந்த ஆற்றல் மொத்தமும் ஒரே குலுக்காக வெளிப்படுகிறது. தேர் பெயராவிட்டால் வடமே அறுவதும் உண்டு. 2024 ஜூனில் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடங்கள் அடுத்தடுத்து அறுந்ததை நாடே பார்த்தது. அங்கே பின்சக்கரத்தில் தடி போட்டு நெம்பும் வழக்கம் எந்திரவியல் நோக்கில் மிகச் சரியானது. தடியின் விசை சக்கரத்தையே நேராகத் தொடுகிறது, இடையில் நீளக்கூடியது எதுவும் இல்லை. திருவண்ணாமலையின் பெரிய தேரை இழுக்கும் இரும்புச் சங்கிலிக்கும் நீட்சி மிகக் குறைவு. ஆனால் தொய்வு உண்டு. ஆகவே சங்கிலி முழுதும் விறைத்த பிறகே சக்கரத்தைத் தடுக்கும் முட்டுக்கட்டையை எடுக்க வேண்டும்.

தடையின் பக்கம் இன்னும் நுட்பமானது. தேர் மனித நடையின் வேகத்தைவிடக் குறைவாகவே நகர்கிறது. நொடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 200 டன்னைப் பத்து சென்டிமீட்டருக்குள் நிறுத்த ஏறத்தாழ 25 டன் எடைக்கு நிகரான விசை வேண்டும். கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருப்பதால் மேற்கே பேய்க் கோபுரத்தை நோக்கித் தரை உயர்ந்து, வடக்கு வீதி வழியாகத் திரும்புகையில் தாழ்கிறது. ஐம்பதுக்கு ஒன்று என்ற சாய்வே தேரை 4 டன் விசையுடன் தானாகக் கீழே இழுக்கப் போதும். இத்தனையையும் தாங்குவது முட்டுக்கட்டை. சக்கரம் ஏற முயலும்போது தேரின் எடையே கட்டையைத் தரையோடு அழுத்துகிறது. எண்ணெய் இல்லை, குழாய் இல்லை, உப்பலும் இல்லை. அச்சுகள் திரும்பாத தேரில் அந்தக் கட்டைதான் திசையையும் மாற்றுகிறது. ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் தேர் அந்தப் பக்கம் திரும்பும். முட்டுக்கட்டை போடுபவர் பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஒருசேரக் கையாளும் ஓட்டுநர். அவர் பெயர் அதிகம் பேசப்படாமல் போவது வருத்தத்துக்குரியது.

ஹைட்ராலிக் பிரேக் இந்த இடத்தைப் பிடிக்குமா? திருவாரூர் ஆழித்தேரில் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் அங்கே முட்டுக்கட்டைகள் கைவிடப்படவில்லை. அது சரியான முடிவு. சக்கரத்தின் அடியில் உயிரைப் பணயம் வைத்து நிற்பவரின் சுமையைக் குறைக்க பிரேக் அவசியம். திருப்பத்துக்குக் கட்டை அவசியம்.

பிரேக் வைப்பதானால் பந்தயக்காரர்களின் பாடத்தை முழுதாக ஏற்க வேண்டும். அச்சு நெடுக எஃகுக் குழாய், அசையும் இணைப்பில் மட்டும் எஃகுப் பின்னல் குழாய். தேர் ஆண்டின் பெரும்பகுதி நிலையிலேயே நிற்கிறது. வழக்கமான பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே துருவேற்றும். எனவே ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன் எண்ணெயை மாற்றி, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றியாக வேண்டும். காற்றுக் குமிழி எந்த ரப்பரையும்விட அதிகம் நெகிழும். வெள்ளோட்டத்தில், பிரேக்கை விட்ட பின் சக்கரத்தில் பிடி மிச்சமிருக்கிறதா என்பதைத் தனியே சோதிப்பதும் தேவை. மிச்சமிருந்தால் அந்தச் சுமை சங்கிலி பிடித்தவர்களின் தோளில்தான் ஏறும். மாட வீதிகளில் அண்மையில் போடப்பட்ட கான்கிரீட் சாலையில், மண் படிந்த இடத்திலும் மழை ஈரத்திலும் கட்டை எவ்வளவு வழுக்குகிறது என்பதை அதே வெள்ளோட்டத்திலேயே அளந்துவிடலாம்.