பெயர்வழித் தடங்கள்: நியூ ஜெர்சியிலிருந்து வேலூர் வரை ஸ்கடர் குடும்ப ஆவணங்கள்

முன்னுரை

ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை ஆகிய பாலாற்றங்கரை ஊர்கள் இன்று தோல் தொழிலால் அறியப்படுகின்றன. இவ்வூர்களுக்கு அமெரிக்கத் தொடர்பு ஒன்றும் உண்டு. ஆம்பூரில் அது மிசூரி லூத்தரன் மிஷனின் பெதஸ்தா மருத்துவமனையாக நிற்கிறது. வேலூரிலும் இராணிப்பேட்டையிலும் ஸ்கடர் என்னும் ஒரே குடும்பத்தின் பெயரோடு பிணைந்துள்ளது. நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோரை இந்தியப் பணிக்கு அனுப்பிய இக்குடும்பம், அமெரிக்கா பிரித்தானியக் குடியேற்றமாக இருந்த காலத்தில் அங்கு நிலம் திருத்தி வாழ்ந்த குடியொன்றின் கிளையாகும். அக்குடியை எஞ்சிய ஆவணங்களின் வழியே பின்தொடர்வதும், அந்த ஆவணங்கள் யாரைக் காட்டுகின்றன, யாரை மறைக்கின்றன என்று கேட்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

'பிளாண்டர்' என்னும் சொல்

குடியேற்ற கால அமெரிக்க ஆவணங்களைப் படிக்கும் தமிழ் ஆய்வாளர் முதலில் இடறுவது இச்சொல்லில்தான். 'பிளாண்டர்' என்றதும் நமக்கு நீலகிரி, இலங்கை மலையகத் தோட்டத்துரைமாரே நினைவுக்கு வருகின்றனர். வர்ஜீனியா, கரோலினா பகுதிகளில் அச்சொல் அடிமைகளைக் கொண்டு பெருநிலம் பயிரிட்டவரைக் குறித்ததால் அப்பொருள் அங்குப் பொருந்தும். ஆனால் பதினேழாம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்தில் ஓர் ஊரை முதலில் நிறுவி அதில் நிலப்பங்கு பெற்ற குடியேறியே 'பிளாண்டர்' எனப்பட்டார். நம் வழக்கில் காடு திருத்திக் கழனியாக்கிய ஊர்க்குடி என்பது அதற்கு ஓரளவு நெருக்கமானது. ஓரளவுதான், அவர்கள் திருத்திய நிலம் ஆளற்ற காடன்று, பூர்வகுடிகள் பயன்படுத்திவந்த மண். நிலப்பதிவேடுகள் இதை அரிதாகவே சொல்கின்றன.

ஸ்கடர் குடியின் முன்னோர் தாமஸ் ஸ்கடர் 1640களில் மாசசூசெட்ஸின் சேலம் நகரப் பதிவுகளில் காணப்படுகிறார் (நம் சேலம் அன்று; விவிலியத்திலிருந்து வைக்கப்பட்ட பெயர்). 1657இல் எழுதப்பட்ட அவருடைய விருப்பாவணம் பிள்ளைகளின் பெயர்களைத் தருகிறது. மகன்கள் லாங் ஐலண்ட் தீவுக்குப் பெயர்ந்தனர். பின்வந்த தலைமுறையினருள் சிலர் நியூ ஜெர்சியில் நிலமும் நீராலையும் வாங்கினர். பிரின்ஸ்டன் அருகே 'ஸ்கடர்ஸ் மில்' என்னும் சாலைப்பெயர் இன்றும் உள்ளது. ஆலை அழிந்த பின்னும் பெயர் வழியில் தங்கிவிட்டது.

நத்தேனியல் ஸ்கடர்

இக்குடி பொது வரலாற்றில் தெளிவாகத் தென்படுவது நத்தேனியல் ஸ்கடரிடத்தில்தான். 1733இல் பிறந்த இவர் மான்மவுத் மாவட்டத்தில் மருத்துவராக இருந்தார். மக்கள்படையில் கர்னலாகவும் விளங்கினார். 1778 நவம்பரில் நியூ ஜெர்சியின் சார்பில் ஜான் விதர்ஸ்பூனுடன் கூட்டமைப்பு விதிகளில் கையொப்பமிட்டார். 1781 அக்டோபர் நடுவில் ஷ்ரூஸ்பரி அருகே நடந்த சிறு மோதலில் சுடப்பட்டு இறந்தார். அப்போரில் களத்தில் உயிர்நீத்த ஒரே காங்கிரஸ் உறுப்பினர் இவரே என்பர்.

அதற்குச் சில நாள்களில், அக்டோபர் 19 அன்று, யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சரணடைந்தார். அதே கார்ன்வாலிஸ் 1791 பிப்ரவரியில் தலைமை ஆளுநராக வேலூருக்குப் படையுடன் வந்தார். ஆம்பூர்க் கணவாய்களை நோக்கிச் செல்வதாகத் திப்புவுக்குப் போக்குக் காட்டிவிட்டு, வடக்கே திரும்பி முகிலிக் கணவாய் வழியே மைசூர்ப் பீடபூமிக்கு ஏறினார். ஸ்கடர் வரலாற்றில் ஆம்பூரின் பெயர் இவ்வாறு எதிரியின் படைவழியே முதலில் குறுக்கிடுவது தற்செயல்தான். எனினும், இரு கரைகளையும் ஒரே பேரரசின் போர்கள் இணைத்திருந்தன என்பதை மறந்து குடும்ப வரலாறு எழுதுவது பொருத்தமன்று.

அக்காலத்து நியூ ஜெர்சி ஆவணங்களில் இன்னொரு பிரிவினரும் உள்ளனர். அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் அம்மாநிலத்தில் 1804இல்தான் இயற்றப்பட்டது. அதற்கு முந்தைய விருப்பாவணங்களிலும் உடைமைப் பட்டியல்களிலும் அடிமைப்பட்ட மனிதர்கள் குடும்பப் பெயரின்றி, மாடுகளுக்கும் கட்டில்களுக்கும் இடையே விலையோடு எழுதப்பட்டனர். குடிவழி ஆய்வு அவர்களைத் தாண்டிச் சென்றுவிடுவதே வழக்கம்.

கடல் கடந்த கிளை

நத்தேனியலின் பேரன் ஜான் ஸ்கடர் 1793இல் ஃப்ரீஹோல்டில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் செய்துகொண்டிருந்த அவர் 1819 ஜூன் மாதம் மனைவி ஹாரியட் வாட்டர்பரியுடனும் கைக்குழந்தையுடனும் பாஸ்டனில் கப்பலேறினார். குழந்தை கல்கத்தாவில் இறந்தது. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பணி தொடங்கியது. 1836இல் குடும்பம் சென்னைக்கு மாறியது. மகன்களுள் எழுவர் தமிழகத்தில் மிஷன் பணி ஏற்றனர். ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகிய மூவர் 1853இல் ஆர்க்காடு மிஷனை நிறுவினர். சைலஸ் 1866இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கினார்.

இக்காலம் முதல் ஆவணங்களின் இயல்பு மாறுகிறது. நிலப்பத்திரமும் விருப்பாவணமும் பேசிய இடத்தில் இப்போது மடல்களும் ஆண்டறிக்கைகளும் பேசுகின்றன. 1857 வரை ஆர்க்காடு மிஷன் அமெரிக்க மிஷன் வாரியத்தைச் சார்ந்திருந்ததால் அதுவரையான மடல்கள் ஹார்வர்டில் உள்ளன. அதன்பின் பொறுப்பேற்ற சீர்திருத்த டச்சுத் திருச்சபையின் ஆவணங்கள் நியூ பிரன்ஸ்விக்கில் உள்ளன. குடும்பத்தின் வழி ஒன்றாயினும் தாள்களின் வழி இரண்டு.

அச்சான வாழ்க்கை வரலாற்றையும் எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். மூத்த ஜான் ஸ்கடரைப் பற்றி 1870இல் வெளிவந்த நூலை எழுதியவர் ஜே. பி. வாட்டர்பரி. அவர் ஹாரியட்டின் உடன்பிறந்தார். மைத்துனர் எழுதிய சரிதத்தில் அன்பும் உண்டு, விடுபாடும் உண்டு. அதை முதன்மைச் சான்றாகக் கொள்வதைவிட, குடும்பம் தன்னை எவ்வாறு நினைவுகூர விரும்பியது என்பதற்கான சான்றாகக் கொள்வதே தகும்.

பெயரனும் பெயர்த்தியும்

பேரன் என்பது பெயரன் என்னும் சொல்லின் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். தமிழ்க் குடிவழிகளில் ஒரு பெயர் தலைமுறைவிட்டுத் தலைமுறை வருவதை அறிந்தவர்க்கு ஸ்கடர் குடும்பப் பெயர்கள் வியப்பளிக்கமாட்டா. மூத்த ஜானின் தந்தை ஜோசப். ஜானின் மகன்களில் ஒருவர் ஜோசப். ஜானின் பெயரையே இன்னொரு மகன் (1835–1900) தாங்கினார். இக்குடும்பத்தில் மருத்துவர் ஐடா ஸ்கடரும் இருவர்: ஐடா சோபியா, அவர் உடன்பிறந்தாரின் மகள் ஐடா பெல். வேலூரில் முறையே 'ஐடா எஸ்.', 'ஐடா பி.' எனப் பிரித்தறியப்பட்ட இவ்விருவரையும் ஒருவராகக் கொள்ளும் குறிப்புகள் உருவாவது எளிது.

இப்பெயர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. விருப்பாவணமும் மிஷன் அறிக்கையும் ஆண்களின் பெயரில் அமைந்தவை. ஹாரியட் 1849இல் சென்னையில் இறந்தவர், ஏறத்தாழ முப்பதாண்டுகள் இலங்கையிலும் சென்னையிலும் அந்த இல்லத்தை நடத்தியவர். அறிக்கைகளில் அவர் 'திருமதி ஸ்கடர்'. அவருடைய பிறந்தகப் பெயரோ வில்லியம் வாட்டர்பரி, ஜாரெட் வாட்டர்பரி என்னும் மகன்களின் நடுப்பெயராக நின்றுவிட்டது. இளைய ஜானின் மனைவி சோபியா வெல்டு. அவர் மகள் 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா சோபியா. தாய்வழியைத் தேடுவோர் பிள்ளைகளின் நடுப்பெயரை ஓர் ஆவணமாகவே படிக்க வேண்டும் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

பெயரற்ற மூவர்

ஐடா மருத்துவரானதற்குக் காரணமாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி பலரும் அறிந்தது. திண்டிவனத்தில் தந்தையின் இல்லத்தில் தங்கியிருந்தபோது, ஓரிரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையில் கிடக்கும் தத்தம் மனைவியரைக் காப்பாற்ற அழைத்தனர். ஐடாவுக்கு அப்போது மருத்துவம் தெரியாது. தந்தை வரலாம் என்றதை, ஆண் மருத்துவர் என்பதால் அவர்கள் ஏற்கவில்லை. விடியுமுன் மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1902இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

பலமுறை திரும்பச் சொல்லப்பட்ட இவ்வரலாற்றில் அம்மூன்று பெண்களுக்கும் பெயரில்லை. ஒருத்தி பிராமணர் மனைவி, ஒருத்தி இசுலாமியர் மனைவி, மற்றொருத்தி உயர்சாதி இந்துவின் மனைவி. மூன்று சமூகங்களின் சான்றாக நிற்பதற்கு அவ்வளவு அடையாளமே போதுமென எழுதியோர் கருதினர் போலும். ஷெல் மருத்துவமனையின் பெயரும் இறந்த ஒரு பெண்ணின் பெயரே. கணவர் தந்த பத்தாயிரம் டாலரால், கடலுக்கு அப்பால் வாழ்ந்து மறைந்த மேரி டேபர் ஷெல்லின் பெயர் கல்லில் நின்றது. திண்டிவனத்து மூவருக்கு அவ்வாறில்லை. நியூ ஜெர்சி உடைமைப் பட்டியல்களில் நாம் கண்ட மௌனமும் இம்மௌனமும் ஒன்றல்ல. முன்னது கொடுமையின் பதிவு, பின்னது இரக்கத்தின் பதிவு. ஆனால் ஆய்வாளர் கையில் இரண்டும் ஒரே வெற்றிடத்தைத்தான் விட்டுச்செல்கின்றன.

தொடக்க ஆண்டுகளில் ஐடாவுக்குத் துணைநின்ற சலோமி ஓரளவு பேறுபெற்றவர். வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவியான அவர் செவிலிப் பணி கற்றுக்கொண்டார். அவருக்குப் பெயராவது கிடைத்தது.

1918இல் வேலூரில் பெண்களுக்கான மிஷன் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. மாகாணத் தேர்வில் ஆண்களே பெரும்பாலும் தவறுவதால் முதல் வகுப்பில் ஒருவர் தேறினாலே பெரிது என்று அரசு மருத்துவத் துறையினர் எச்சரித்திருந்தனர். தேர்வெழுதிய பதினால்வரும் தேறினர். 1922இல் பட்டயம் பெற்று வெளியேறினர். தேர்வுப் பதிவேடு என்பது மிஷன் அறிக்கை போலன்று, பெயரில்லாமல் அதில் எவரையும் எழுத இயலாது.