சமுதாயக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறுதல் (கலிபோர்னியா)

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்பது பெரும்பாலும் அரசு நடத்தும் ஈராண்டுக் கல்லூரி. தமிழ்நாட்டில் இதே பெயரில் இயங்கும் தொழிற்பயிற்சி மையங்கள் வேறு. பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை இங்கே குறைந்த கட்டணத்தில் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். கலிபோர்னியாவில் இத்தகைய கல்லூரிகள் 116 உள்ளன. அம்மாநிலத்தின் 1960ஆம் ஆண்டு உயர்கல்விப் பெருந்திட்டம், பள்ளி முடிப்போரில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தையும், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தையும் ஒதுக்கியது. மற்றவர்களுக்குத் திறந்திருந்த கதவு சமுதாயக் கல்லூரிதான்.

நாடு முழுவதும் இக்கல்லூரிகளில் சேர்வோரில் 10இல் 8 பேர் இளநிலைப் பட்டத்தைக் குறிவைத்தே சேர்கிறார்கள். ஆறு ஆண்டுகளில் மாறுவோர் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். இளநிலைப் பட்டம் பெறுவோர், சேர்ந்தவர்களில் ஆறில் ஒருவர். ஆசை இல்லாததால் நின்றுவிடுகிறார்கள் என்று சொல்ல வழியில்லை. கல்லூரியே அந்த ஆசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்து மாணவரைத் தொழிற்படிப்புக்குத் திருப்புகிறது என்று சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் 1960இலேயே எழுதினார்.

கலிபோர்னியாவில் முதல் தடை நுழைவாயிலிலேயே இருந்தது. தரப்படுத்தல் தேர்வில் பின்தங்கியவர்கள் பட்டக் கணக்கில் சேராத அடிப்படைக் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் படிக்க வேண்டியிருந்தது; பலர் அங்கேயே கழன்றுகொண்டனர். பள்ளி மதிப்பெண்ணை முன்வைத்து, கல்லூரித்தரப் பாடத்தை ஓராண்டுக்குள் முடிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது.

பெரிய சிக்கல் கிரெடிட்டில், அதாவது முடித்த பாடத்துக்குப் பட்டக் கணக்கில் சேரும் அலகில், இருக்கிறது. படித்த பாடத்தைப் போகுமிடம் ஏற்க வேண்டும். அசிஸ்ட் என்னும் மாநில இணையத்தளத்தில் கல்லூரி, பல்கலைக்கழக வளாகம், துறை மூன்றையும் தெரிவு செய்தால் பட்டியல் ஒன்று விரியும்: ஒரு பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், எதிரே அதற்கு ஈடான கல்லூரிப் பாடம். சில வரிகளில் எதிரே ஈடான பாடம் இல்லை என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். நான்கு வளாகங்களுக்கு விண்ணப்பிப்பவர் நான்கு பட்டியல்களை ஒப்பிட வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டு பகுதிநேரமாகப் படிப்பவருக்கு, வழிகாட்டும் ஆலோசகர் இல்லாமல் இது எளிதல்ல.

2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாறுதலுக்கென்றே வகுத்த 60 கிரெடிட் ஈராண்டு இணைப்பட்டம் முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. விரும்பிய வளாகம் உறுதியில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள் தனியே உத்தரவாதம் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ தருவதில்லை.

கல்லூரியின் இடமும் பழக்கமும்கூடக் கணக்கில் வரும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குப் பல்லாண்டுகளாக அதிக மாணவரை அனுப்பிவரும் சான்டா மோனிகா கல்லூரிக்கு அதன் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம் சில மைல் தொலைவுதான். மாநிலத்தின் உட்பகுதிப் பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு மாறுதல் என்பது வீட்டை விட்டுக் கிளம்புவது. கல்லூரிக் கட்டணம் ஒரு கிரெடிட்டுக்கு 46 டாலர்தான் என்றாலும், போகுமிடத்து வாடகையை அது ஈடுகட்டாது.

2025 இலையுதிர்காலம் முதல் இரு பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் ஒரே பொதுக்கல்விப் பாடத்தொகுப்பு நடப்புக்கு வந்துள்ளது. துறைப் பாடங்களை அது தொடவில்லை. அவை இன்னமும் வளாகத்துக்கு வளாகம் வேறுபடுகின்றன.