ரோட்டுக்குப் போலீஸ்காரர் பேர்: நடுகல் என்ன சொல்லுது?

பூம்புகார் சீரிஸோட அடுத்த எபிசோடுக்கு வந்திருக்கோம். இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வி. டூட்டியில உயிரை விட்ட ஒரு போலீஸ்காரர் பேரை ஒரு ரோட்டுக்கு வச்சா, அந்தப் பேர் நமக்கு என்ன சொல்லணும்?

அமெரிக்காவில் இது ரொம்பச் சாதாரணமான வழக்கம். ஹூஸ்டன்ல சந்தீப் சிங் தாலிவால்னு ஒரு அதிகாரி இருந்தார். தலைப்பாகையோட டூட்டி பார்க்க அனுமதி பெற்ற சீக்கியர். 2019 செப்டம்பர் 27 அன்று, ஒரு காரை நிறுத்தி விசாரித்துவிட்டுத் திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஊரின் பெல்ட்வே 8 சாலையில் ஒரு பகுதி இன்று அவர் பெயரில் இருக்கிறது. நம்ம மும்பையை எடுத்துக்கோங்க. 2008 நவம்பர் 26 ராத்திரி, வெறும் லத்தியோட போய், கசாபின் துப்பாக்கியைக் கையால பிடிச்சுக்கிட்டு விடாம நின்னவர் துக்காராம் ஓம்ப்ளே. அது நடந்த கிர்காவ் சௌபாட்டியிலேயே அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் புது வழக்கம்னு நினைச்சா, கொஞ்சம் பின்னாடி போகணும். ஒரு 2,000 வருஷத்துக்கும் மேல.

2006-ல் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு, தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் சில நடுகற்களைக் கண்டுபிடித்தது. தமிழி எழுத்து, அதாவது தமிழ் பிராமி. அதுல ஒரு கல்லுல இருக்கிறது மொத்தமே சில சொற்கள்தான். கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு பிடிச்ச சண்டையில், இறந்த தீயன் அந்தவனின் கல் என்பது அதோட பொருள். யார், எங்கே, எதுக்காக. நல்லா எழுதின கமிட் மெசேஜ் மாதிரி இருக்கு, இல்லையா?

ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. அவர் மாட்டை ஓட்டிட்டுப் போன பக்கமா, மீட்க வந்த பக்கமா? கல்லு சொல்லல. ரெண்டு பக்கத்து வீரர்களுக்கும் அன்று கல் நட்டார்கள். ஒரே ஒரு சொல் கூட இருந்திருந்தா இன்னைக்கு நமக்கு அது தெரிஞ்சிருக்கும்.

இன்னொரு கல் அந்த விஷயத்துல ரொம்பத் தெளிவு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர். முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலம். மாட்டுத் தொழுவைக் காத்து நின்று இறந்த வீரனோடு ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயோட பேர் கோவிவன். திருடர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று எழுத்தும் இருக்கிறது. 1,400 வருஷம் கழிச்சும் அந்த நாய் என்ன செஞ்சதுன்னு நமக்குத் தெரியும்.

இப்போ 2021-க்கு வருவோம். நவம்பர் 21, அதிகாலை. திருச்சி நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடிக்கொண்டு டூவீலரில் போனவர்களைத் தன் வண்டியில் துரத்திக்கொண்டே போனார். மாவட்ட எல்லை தாண்டி, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம் பள்ளத்துப்பட்டி ரயில்வே சுரங்கப்பாதை அருகே அவர்களை மடக்கிப் பிடித்தார். அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள்.

யோசிச்சுப் பாருங்க. திருடு போன கால்நடையை மீட்கப் போய் உயிரை விடுறதுக்குப் புறப்பொருள் இலக்கணத்துல கரந்தைனு ஒரு திணையே உண்டு. அது சங்க காலத்தோட முடிஞ்ச கதைன்னு நாம நினைச்சிருக்கோம். கீரனூர் ரோட்டுல 2021-ல அது நடந்திருக்கு.

பூமிநாதன் குடும்பத்துக்கு 1 கோடி ரூபாயும் ஒருவருக்கு அரசு வேலையும் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். இதுக்கும் பழைய பேர் ஒண்ணு இருக்கு. ஊருக்காக இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுத்த நிலத்தைக் கல்வெட்டுகள் உதிரப்பட்டி என்கின்றன. உதிரம்னா ரத்தம். கல்லு ஊருக்கு, நிலம் வீட்டுக்கு. ரெண்டும் சேர்ந்தாத்தான் கணக்கு நேராகும்.

சரி, கல்லுக்குப் பதிலா இன்னைக்கு ரோட்டுப் பேர். அதுல என்ன சிக்கல்? பேர் மட்டும் நிக்கும், செயல் உதிர்ந்துடும். சென்னை என்.எஸ்.சி. போஸ் ரோடுல தினமும் போறவங்கள்ல எத்தனை பேருக்கு அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ்னு உறைக்கும்? பாண்டி பஜார்ங்கிறது நீதிக்கட்சித் தலைவர் சௌந்தரபாண்டியனார் பேர்னு டிரெஸ் எடுக்கப் போற எத்தனை பேருக்குத் தெரியும்? கொஞ்ச நாள்ல பேர் வெறும் டெலிவரி அட்ரஸ் ஆயிடுது.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெருசு. போலீஸ் பேரை எதுக்கு ரோட்டுக்கு வைக்கணும்னு உங்கள்ல சிலர் கேட்பீங்க. நியாயமான கேள்விதான். 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். அதை யாரும் மறக்கல.

பூம்புகாரும் இதை மறக்கல. இந்த ஊர்ல இருந்து கிளம்பின கோவலனை மதுரையில் கொன்றது யார்? திருடன் கிடையாது. அரசனோட காவலாள்! இவனைப் பார்த்தா கள்வன் மாதிரி தெரியலையேன்னு கூட வந்த காவலர்களே தயங்குறாங்க. அதுல அறிவில்லாத, குடிவெறி பிடித்த ஒருத்தன் வாளை வீசிடுறான். 1973-ல் பூம்புகாரில் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் சுவர்ச் சிற்பங்களில் இந்தக் கதை முழுசா இருக்கிறது.

அதே சிலம்புல வஞ்சிக் காண்டத்துக் காதைகளோட பேர்களைப் பாருங்க: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து. தொல்காப்பியம் சொல்ற நடுகல் நடும் படிகள்தான் இவை. போர்ல இறந்த வீரனுக்குச் செய்யும் முறையை, காவலாளால் கணவனை இழந்து நியாயம் கேட்ட புகார்ப் பெண்ணுக்குச் செய்கிறார்கள். இமயத்துல கல் எடுத்து, கங்கையில நீராட்டி, சேரன் செங்குட்டுவன் அதை நட்டான்.

அப்போ கல்லு யாருக்கு? பதவிக்கோ துறைக்கோ இல்ல, ஒரு ஆள் செஞ்ச ஒரு செயலுக்கு. அதனாலதான் பூமிநாதனை மதிக்கிறதும் சாத்தான்குளத்துக்கு நியாயம் கேட்கிறதும் ஒண்ணுக்கொண்ணு எதிர் இல்லைன்னு நான் சொல்றேன். செயலை எழுதினா ரெண்டும் தனித்தனியாத் தெரியும். காக்கிச் சட்டை பேர்ல பொதுவா ஒரு போர்டு வச்சா, நல்லதும் கெட்டதும் ஒண்ணாக் கலந்துடும்.

அதனால ஒரு ரோட்டுக்கு இப்படிப் பேர் வைக்கும்போது போர்டுல கூடவே ஒரு வாக்கியம் இருக்கணும். 'சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், நவல்பட்டு காவல் நிலையம். ஆடு திருடியவர்களைத் துரத்தி வந்து 2021 நவம்பர் 21 அன்று இவ்விடத்தில் உயிர் நீத்தார்.' இவ்வளவு போதும். பஸ் நிக்கிற நேரத்துல படிச்சுடலாம்.

உங்க தெருப் பேருக்குப் பின்னாடி யார் இருக்காங்க, என்ன செஞ்சாங்கன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.